மிஸூலாவிலிருந்து ஒரு சைக்கிள் படை

நீங்கள் கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது எப்போது?

'உடம்பைக் கொஞ்சம் அசைங்க சார்' என்று டாக்டர் மிரட்டிய மறுநாளா? முதல் நாள் உற்சாகமாக நான்கு தெரு சுற்றிவிட்டு, இரண்டாம் நாள் தொடை வலியில் முனகிவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து சைக்கிளைத் துண்டு காயப்போடும் ஸ்டாண்டாக மாற்றிய கதைதானே? வெட்கப்படாதீர்கள். என் வீட்டிலும் அதே கதைதான்!

ஆனால், சிலர் விடாப்பிடியானவர்கள். பத்துப் பேர் சேர்ந்து, 'ஆறு மாதம் கழித்து ஆயிரம் கிலோமீட்டர் போகிறோம்' என்று நாள் குறித்துவிடுவார்கள். முதலில் இருபது கிலோமீட்டர், அப்புறம் ஐம்பது, பிறகு மலைப்பாதை, கடைசியில் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஒத்திகை... இப்படிப் படிப்படியாக உடம்பைப் பழக்குவார்கள். இன்றைய பயிற்சியாளர்கள் எல்லோரும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இதையே 1896-ல், சொல்லித்தர ஆளில்லாமல், தாங்களே விழுந்து எழுந்து செய்து பார்த்த ஒரு கூட்டம் இருந்தது. அமெரிக்க ராணுவத்தின் 25-வது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள். அவர்கள் கடைசியில் போன தூரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 3,060 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் பெடலை மிதிக்க ஆரம்பித்து டெல்லியையும் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள். அவ்வளவு தூரம்!

சரி, ராணுவத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?

அது அமெரிக்காவே சைக்கிள் பித்துப் பிடித்து அலைந்த காலம். முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கும் பழைய 'யானை' சைக்கிள் ஒழிந்து, இரண்டு சக்கரமும் ஒரே அளவில், செயின் வைத்த சைக்கிள் 1885-ல் வந்துவிட்டது. மூன்றே வருடத்தில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். போச்சு! ஊரே சைக்கிளில் ஏறிவிட்டது. ஐரோப்பியப் படைகள் தகவல் கொண்டுபோகும் வேலைக்குச் சைக்கிளைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. அமெரிக்கத் தளபதி நெல்சன் மைல்ஸ் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். நியூயார்க்கில் ஆறு நாள் தொடர்ச்சியாக நடந்த சைக்கிள் பந்தயம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஒரே யோசனை. குதிரைக்குப் புல் வேண்டும், கொள்ளு வேண்டும், தண்ணீர் வேண்டும். சுடும் சத்தம் கேட்டால் மிரளும். செத்தும் போகும். சைக்கிள்? சுவரோரமாகச் சாய்த்துவிட்டால் போதும்!

இந்த நேரத்தில்தான் மான்டானா மாநிலத்தின் மிஸூலா கோட்டையிலிருந்து ஒரு இளம் லெஃப்டினென்ட், 'நான் ஒரு சைக்கிள் படை அமைத்துப் பரிசோதித்துப் பார்க்கட்டுமா?' என்று அனுமதி கேட்டார். பெயர் ஜேம்ஸ் மாஸ். லூயிசியானாக்காரர். 1894-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்து முடித்தவர். எத்தனையாவது ரேங்க் என்று கேட்காதீர்கள்... கேட்டுவிட்டீர்களா? வகுப்பிலேயே கடைசி!

ரேங்க் வாங்கியவர்கள் நல்ல நல்ல பணியிடங்களாகப் பொறுக்கிக்கொண்டு போன பிறகு மிஞ்சியதுதான் கடைசிப் பையனுக்கு. ராக்கி மலைத்தொடரின் நடுவே ஒரு மூலை. அங்கே கறுப்பர்களின் படைப்பிரிவு.

உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு அமெரிக்க ராணுவத்தில் கறுப்பர்களுக்கு இடம் கிடைத்தது உண்மை. ஆனால், தனிப் பந்தி. 9, 10-வது குதிரைப்படைகள், 24, 25-வது காலாட்படைகள். மொத்தம் நான்கே பிரிவுகள். சிப்பாய்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். பெரிய நகரங்களின் கண்ணில் படாமல் எல்லைக் கோட்டைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். 25-வது பிரிவு 1888-ல் மான்டானாவுக்கு வந்தது இப்படித்தான்.

1896 மே மாதம் அனுமதி கிடைத்தது. மாஸ் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார். சைக்கிள்களை ஸ்பால்டிங் என்ற விளையாட்டுப் பொருள் கம்பெனி காசு வாங்காமல் கடனாகக் கொடுத்தது. ராணுவமே ஓட்டுகிறது என்றால் அதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா? எட்டுப் பேரில் ஜான் ஃபின்ட்லே என்ற சிப்பாய் ஒரு பொக்கிஷம். ராணுவத்தில் சேரும் முன் சிகாகோவில் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். படைக்கு ஒரு மெக்கானிக் தயார்!

பயிற்சி தொடங்கியது. தினமும் 24 கிலோமீட்டரிலிருந்து 64 கிலோமீட்டர் வரை ஓட்ட வேண்டும். வெறுமனே ஓட்டுவதல்ல. அணிவகுத்து ஓட்ட வேண்டும், முன்னால் போகிறவருக்கும் தமக்கும் இடைவெளி மாறாமல் ஓட்ட வேண்டும். வேலி வந்தால் நின்று யோசிக்கக் கூடாது. ஒருவர் மேலே ஏற, இன்னொருவர் சைக்கிளைத் தூக்கிக் கொடுக்க, ஒன்பது அடி உயர வேலியை 20 விநாடியில் மொத்தப் படையும் தாண்ட வேண்டும். ஆறு குறுக்கிட்டால்? ஒரு கழியில் சைக்கிளைத் தொங்கவிட்டு, இரண்டு பேர் தோளில் சுமந்து நடந்தே அக்கரை சேர வேண்டும். (சைக்கிள் மனிதனைச் சுமப்பது பாதி, மனிதன் சைக்கிளைச் சுமப்பது மீதி என்பது அவர்களுக்கு அப்போதே புரிந்திருக்கும்!)

1896 ஆகஸ்ட் 6. முதல் ஒத்திகை. பக்கத்திலுள்ள மக்டொனால்ட் ஏரிக்குப் போய்த் திரும்ப வேண்டும். போக வர 203 கிலோமீட்டர், நான்கு நாள். 'நான்கு நாளுக்கு 203 கிலோமீட்டர்தானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மழை கொட்டியது. களிமண் பாதை. டயரில் அப்பிய சேறு ஃபோர்க்கில் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவே மறுத்தது. இறங்கு, குச்சியால் சுரண்டு, ஏறு, பத்தடி போ, மறுபடி இறங்கு! நடுநடுவே பங்க்சர், கழன்றுவிழும் பெடல், இடுப்பளவுத் தண்ணீரில் ஓடைகள். திரும்பி வந்தவர்கள் நொந்துபோய்த்தான் வந்திருப்பார்கள்.

மாஸ் அவர்களுக்குக் கொடுத்த ஓய்வு எவ்வளவு தெரியுமா? ஒரு வாரம்கூட முழுசாக இல்லை. ஆகஸ்ட் 15-ம் தேதி அடுத்த பயணம். இந்த முறை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. போக வர சுமார் 1,290 கிலோமீட்டர்! ராக்கி மலைகளின் முதுகெலும்பான நீர்ப்பிரிமேட்டைத் தாண்டிப் போனார்கள். யெல்லோஸ்டோனில் கொதிநீர் ஊற்றுகள் படிப்படியாகச் செதுக்கிய மினர்வா சுண்ணாம்பு மேடையின் மேல், சைக்கிளோடு அவர்கள் வரிசையாக நிற்கும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. எங்காவது கிடைத்தால் பாருங்கள். வெள்ளை வெளேரென்ற பாறை, கறுத்த மனிதர்கள், நிமிர்ந்த முதுகு. சுற்றுலாப் பயணிகளைப் போலவா இருக்கிறார்கள்? போர் முனையில் நிற்பவர்களைப் போல இருக்கிறார்கள். செப்டம்பர் 8-ம் தேதி கோட்டைக்குத் திரும்பினார்கள்.

இங்கே மாஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வகுப்பில் கடைசிதான், ஆனால் கணக்கில் புலி. என்ன உடைந்தது, எங்கே பங்க்சர், ஒரு ஆள் எவ்வளவு தின்றான், எவ்வளவு எடை சுமந்தான், மேட்டில் என்ன வேகம், பள்ளத்தில் என்ன வேகம்... எல்லாவற்றையும் குறித்து வைத்தார். அந்தக் கணக்கை வைத்துத்தான் அடுத்த திட்டத்தைப் போட்டார். 203, பிறகு 1,290, அடுத்து 3,060!

இலக்கு, மிஸௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம். ஏன் அங்கே? வழியில் எல்லாமே இருந்தன. பனி மலை, சேற்றுச் சமவெளி, மணல் மேடு, கடும் வெயில், ஈரப் புழுக்கம். சைக்கிள் எங்கே தோற்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல பாதை கிடையாது.

40 பேர் முன்வந்தார்கள். 20 பேர் தேர்வானார்கள். அவர்களில் ஐந்து பேர் முந்தைய வருட அனுபவசாலிகள். எல்லோருக்கும் மூத்தவர், 39 வயது சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸ். தெற்கு கரோலினாக்காரர். 1881-லேயே ராணுவத்தில் சேர்ந்தவர். ஒரு சோடா பாட்டில் வெடித்ததில் ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. இந்த மனிதரை மறந்துவிடாதீர்கள். பின்னால் மறுபடி வருவார்.

சைக்கிள்களும் மாறின. அந்தக் காலத்தில் மர ரிம்தான் வழக்கம். மாஸ் இரும்பு ரிம் கேட்டு வாங்கினார். ஃபோர்க்கைப் பலப்படுத்தச் சொன்னார். கியர் மாற்றும் சமாசாரமெல்லாம் கிடையாது. மேடோ பள்ளமோ, ஒரே கியர்! ஹேண்டில்பாரில் போர்வையும் கூடாரத் துணியும். நடுக்கம்பிகளுக்கு இடையே பெட்டி, அதற்குள் ரேஷன். எல்லாம் சேர்த்து ஒரு சைக்கிள் சராசரியாக 27 கிலோ. இது போதாதென்று முதுகில் நான்கரைக் கிலோ துப்பாக்கி, இடுப்பில் 50 தோட்டாக்கள்.

1897 ஜூன் 14. அதிகாலை ஐந்தரை மணி. 20 வீரர்கள், மாஸ், டாக்டர் ஜேம்ஸ் கென்னடி, கூடவே உள்ளூர்ப் பத்திரிகையின் 19 வயது நிருபர் எட்வர்ட் பூஸ் என்று 23 பேர் மிஸூலாவை விட்டுக் கிளம்பினார்கள்.

கிளம்பிய முதல் நாட்களே மழை! மான்டானாவின் களிமண் மழையில் நனைந்தால் கோந்து. ரோடு எதற்கும் லாயக்கில்லாமல் போனபோது, பக்கத்தில் ஓடிய ரயில் தண்டவாளத்துக்கு ஏறினார்கள். ஸ்லீப்பர் கட்டைகள் மேல் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குலுக்கல், முதுகெலும்பின் கடைசிக் கணு வரை. முல்லன் கணவாயில் பனி வேறு. ஜூன் மாதத்தில்!

ஆனால், ரயில் பாதையை ஒட்டிப் போனதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. ஏறக்குறைய 160 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் ரேஷன் முன்கூட்டியே இறக்கி வைக்கப்பட்டிருக்கும். வீரர்கள் சுமக்க வேண்டியது இரண்டு நாள் சாப்பாட்டை மட்டும். பன்றி இறைச்சி, பீன்ஸ், மாவு, காபி, சர்க்கரை. மெனு அவ்வளவுதான். அடுத்த ரேஷன் இருக்கும் ஊரை இரண்டு நாளில் எட்டவில்லை என்றால்? பட்டினி! இதைவிடக் கறாரான பயிற்சியாளர் உலகத்தில் உண்டா?

ஜூன் கடைசி வாரத்தில் லிட்டில் பிக்ஹார்ன் களத்துக்கு வந்தார்கள். 21 வருடங்களுக்கு முன்பு ஜெனரல் கஸ்டரும் அவரது குதிரைப்படையும் செவ்விந்தியர்களிடம் அழிந்த இடம். குதிரைக்கு மாற்று தேடிக் கிளம்பியவர்கள், குதிரைப்படையின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் ஒரு இரவைக் கழித்தார்கள்.

வயோமிங்கைத் தாண்டி நெப்ராஸ்காவுக்குள் நுழைந்தார்கள். அங்கேதான் உண்மையான பரீட்சை.

மணற்குன்றுகள். ஏறக்குறைய 270 கிலோமீட்டருக்கு மணல், மணல், மணல் மட்டுமே. கணுக்கால் வரை புதையும். வெயில் 43 டிகிரியைத் தொட்டது. சக்கரம் மணலில் புதைய, பெடலை மிதித்தால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இறங்கித் தள்ள வேண்டியதுதான். தண்ணீர்? இருந்தது... காரத்தன்மை ஏறிய உப்புத் தண்ணீர். குடித்தவர்களுக்கு வயிறு போனது. மாஸே படுத்துவிட்டார். இந்த மணலைக் கடக்க நாலரை நாள் ஆனது. முன்னால் இருப்பது இன்னும் எத்தனை குன்று என்று தெரியாமல், நோய் பிடித்த வயிற்றோடு, 27 கிலோ சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு ஒரு மனிதன் நடக்கிறான் என்றால் அவனை நடத்திப் போவது எது? சம்பளமா? உத்தரவா? இல்லை, 'கறுப்பர்களால் முடியவில்லை' என்று நாளைக்கு ஒருவன் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பா?

நமக்குத் தெரியாது. அந்த 20 பேரிடம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. இந்தப் பயணத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி மாஸ் எழுதிய அறிக்கையும் பூஸ் அனுப்பிய செய்திகளும்தான். டயர் எத்தனை தடவை பங்க்சர் ஆனது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஓட்டியவன் மனசில் என்ன ஓடியது என்பதற்கு இல்லை!

ஒரே ஒரு வீரர் மட்டும் வழியில் ரயிலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். மற்றவர்கள் விடவில்லை. மிஸௌரிக்குள் நுழைந்தபோது உடம்பு முறுக்கேறியிருந்தது. முதல் வாரத்தில் மூச்சு வாங்கியவர்கள் இப்போது அனாயாசமாக மிதித்தார்கள்.

1897 ஜூலை 24. செயின்ட் லூயிஸ்.

ஊர் சைக்கிள் கிளப்காரர்கள் நூற்றுக்கணக்கில் எதிர்கொண்டு வந்து, ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். ஃபாரஸ்ட் பார்க்கில் கூடாரமடித்தார்கள். அவர்களைப் பார்க்க சுமார் பத்தாயிரம் பேர் வந்தார்கள். அடிமைச் சந்தை நடந்த ஊர் அது. அந்தச் சந்தை முடிந்து நாற்பது வருடம்கூட ஆகவில்லை. அங்கே வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாக நின்று கறுப்பு வீரர்களுக்குக் கை தட்டியது!

மாஸ் கணக்கைக் கூட்டினார். மொத்தம் 41 நாள். அதில் சக்கரம் ஓடிய நாள் 34. ஒரு நாளைக்குச் சராசரி 90 கிலோமீட்டர். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர்.

'பத்துதானா? நான் காய்கறி வாங்க இதைவிட வேகமாகப் போவேனே' என்பீர்கள். அந்தப் பத்துக்குள் சேறும் பனியும் மணலும் இருக்கின்றன சார். காலாட்படை நடந்தாலோ, குதிரைப்படை ஓடினாலோ ஆகும் நேரத்தில் பாதி, செலவில் மூன்றில் ஒரு பங்கு என்பது மாஸ் கொடுத்த தீர்ப்பு. சைக்கிளால் ராணுவம் போக முடியும் என்று நிரூபித்தாகிவிட்டது. அப்புறம்?

அப்புறம் ஒன்றுமே இல்லை! வீரர்கள் ரயிலேறி மிஸூலாவுக்குத் திரும்பினார்கள். மாஸ் சளைக்காமல், 'அடுத்து சான் ஃபிரான்சிஸ்கோ போகிறோம்' என்று விண்ணப்பம் போட்டார். மேலிடம் மறுத்துவிட்டது. 1898-ல் ஸ்பெயினோடு போர் மூண்டது. ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு அன்று 25-வது காலாட்படை மிஸூலாவை விட்டுக் கிளம்பியது. சைக்கிள் படை அதோடு சரி. இன்னும் சில வருடத்தில் மோட்டார் வண்டி வந்து அந்தப் பேச்சையே முடித்துவிட்டது.

ஆனால், மிங்கோ சாண்டர்ஸை மறந்துவிடாதீர்கள் என்றேனே?

சாண்டர்ஸ் கியூபாவில் எல் கேனி சண்டையில் இருந்தார். அதே போரில் தியடோர் ரூஸ்வெல்ட் என்ற கர்னல் பட்டினியாகக் கிடந்த தன் ஆட்களுக்கு உணவு கேட்டு வந்தபோது, தங்களுடைய கெட்டி பிஸ்கட்டைப் பகிர்ந்து கொடுத்தவர்களில் தானும் ஒருவர் என்று சாண்டர்ஸ் பிற்பாடு சொன்னார். கியூபா முடிந்து பிலிப்பைன்ஸ். திரும்பி வந்து, 1906-ல் டெக்சாஸின் பிரௌன்ஸ்வில் ஊர். அப்போது அவர் 'பி' கம்பெனியின் முதல் சார்ஜென்ட். 25 வருட சர்வீஸ். ஓய்வூதியம் கைக்கு எட்டும் தூரத்தில்.

கறுப்பர் படை வந்து இறங்கியது பிரௌன்ஸ்வில்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1906 ஆகஸ்ட் 13, நள்ளிரவு. ஊருக்குள் யாரோ பத்து நிமிடம் துப்பாக்கியால் சுட்டார்கள். மதுக்கடை ஊழியர் ஒருவர் இறந்தார். ஒரு போலீஸ் அதிகாரிக்குக் கையில் குண்டு பாய்ந்தது. 'சிப்பாய்கள்தான்' என்றது ஊர். 'எங்கள் ஆட்கள் பாசறையில் இருந்தார்கள்' என்றார்கள் அவர்களுடைய வெள்ளை அதிகாரிகள். டெக்சாஸ் நீதிமன்ற ஜூரிகளாலேயே ஒருவர் மீதும் குற்றம் சாட்ட முடியவில்லை. 'சுட்டது யார் என்று காட்டிக்கொடுங்கள்' என்று ராணுவம் குடைந்தது. தெரியாததை எப்படிக் காட்டிக்கொடுப்பது? சதி செய்து மௌனம் சாதிக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

அந்த நவம்பரில், தேர்தல் முடியட்டும் என்று காத்திருந்ததுபோல, வாக்குப்பதிவுக்குப் பிறகு உத்தரவு வெளியானது. 167 கறுப்பு வீரர்கள் மரியாதையின்றிப் பணிநீக்கம். விசாரணை நீதிமன்றம் கிடையாது, வாதம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. உத்தரவு போட்ட ஜனாதிபதி யார்? கியூபாவில் பிஸ்கட் கேட்டு வந்த அதே ரூஸ்வெல்ட்!

வெளியேற்றப்பட்டவர்களில் மிங்கோ சாண்டர்ஸும் ஒருவர்.

மிஸூலா கோட்டையில் ஒரு காலத்தில் அந்தப் படைக்குக் கர்னலாக இருந்த ஆண்ட்ரூ பர்ட், சாண்டர்ஸைப்போல ஒரு சார்ஜென்ட்டைப் பார்த்ததில்லை என்ற அளவுக்குச் சாட்சி சொன்னார். செனட்டர் ஜோசப் ஃபோரேக்கர் இவர்களுக்காக ரூஸ்வெல்ட்டோடு மல்லுக்கு நின்று, தன் அரசியல் வாழ்க்கையையே தொலைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. நெப்ராஸ்கா மணலைத் தாண்டிய சாண்டர்ஸ், மறுபடி சீருடை போட முடியாமலே 1929-ல் வாஷிங்டனில் இறந்தார். வீரர்களுக்கான ஆர்லிங்டன் மயானத்தில் புதைத்தார்கள்.

1970-ல் ஜான் வீவர் என்ற எழுத்தாளர் பழைய ஆவணங்களைத் துருவி, அந்த 167 பேரும் நிரபராதிகள் என்று ஒரு புத்தகம் எழுதினார். 1972-ல் ராணுவம் தன் உத்தரவைத் திருத்தி, எல்லோருக்கும் மரியாதையான விடுவிப்பு வழங்கியது. சாண்டர்ஸ் இறந்து 43 வருடம் கழித்து! டார்சி வில்லிஸ் என்ற முதியவரிடம்தான் அந்தச் சான்றிதழை நேரில் கொடுக்க முடிந்தது. ராணுவம் துரத்திய பிறகு அவர் மின்னியாபொலிஸில் ஒரு முடிதிருத்தும் கடையில் 59 வருடம் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர். அவருக்கு அரசு 25,000 டாலர் கொடுத்தது.

1974-ல் மான்டானா பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள் சிலர், மிஸூலாவிலிருந்து சைக்கிளில் கிளம்பினார்கள். வழி, அந்த 20 பேர் போன அதே வழி. முடியும் இடம், செயின்ட் லூயிஸ்.